இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தீர்களா? கை ரத்தக்குழாய் அடைப்பும் பலூன், ஸ்டென்ட் சிகிச்சையும்: முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு ஒன்றரை வருடமாக இடது கை கடுத்துக்கொண்டே இருந்தது. கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் இரண்டு புடவைக்கு மேல் தாங்காது. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றுவிடுவார். ஒரு நிமிடம் ஓய்ந்தால் சரியாகிவிடும், மறுபடி தூக்கினால் மறுபடி கடுக்கும். சர்க்கரை இருப்பதால் தோள்பட்டை இறுகிவிட்டது என்றார்கள், பிசியோதெரபிக்குப் போனோம். பிறகு கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள், காலர் போட்டோம். இதற்கு நடுவில், "பிரஷர் 110தான், நல்லா கண்ட்ரோல்ல இருக்கு" என்று பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்ததும் நடந்தது.

கண்புரை ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குப் போன அன்று, அம்மாவின் இடது முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதனால் நர்ஸ் வலது கையில் பட்டையைச் சுற்றினார். 172. பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தவர், பஞ்சை எடுத்துவிட்டு இடது கையிலும் பார்த்தார். 108. "ரெண்டு கைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாதும்மா. இதுக்கு முன்னாடி யாரும் ரெண்டு கையிலயும் பாக்கலையா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

இடது கைக்குப் போகும் பெரிய தமனி அடைத்திருந்தது. உடம்பின் உண்மையான ரத்த அழுத்தம் 172. அடைப்பைத் தாண்டி வந்த மிச்சம்தான் 108. இந்த நோயைக் கண்டுபிடிப்பதிலிருந்து, கத்தி வைக்காமல், அடைத்த இடத்தை விரிக்கும் சிறு பலூனும், விரிந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்டும் கொண்டு சரிசெய்வது வரை, குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். முடிவு எடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அடைப்பு எங்கே வருகிறது

இதயத்திலிருந்து மேலே வளைந்து வரும் மகாதமனியிலிருந்து, காறை எலும்புக்கு அடியில் ஓடிக் கைக்குப் போகிறது சப்கிளேவியன் தமனி. கைகளுக்கான ரத்தக்குழாய்களில் அடைப்பு அதிகம் வரும் இடம் இதுதான். இடது பக்கத்தில் வருவது வலதைப் போல மூன்று நான்கு மடங்கு அதிகம். இடது சப்கிளேவியன் மகாதமனியிலிருந்து நேரடியாகக் கிளம்புகிறது. அந்தக் கிளம்பும் வாயிலேயே கொழுப்பு படிகிறது. வலது பக்கத்தில் முதலில் ஒரு பொதுக் குழாய் கிளம்பி, பிறகுதான் கைக்கும் கழுத்துக்குமாகப் பிரிகிறது.

காலில் வரும் அடைப்போடு ஒப்பிட்டால் கையில் வருவது அபூர்வம். கையைச் சுற்றிப் பக்கக் குழாய்கள் நிறைய உண்டு. ஒன்று சுருங்கினால் மற்றவை சுமையை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பலருக்குத் தொந்தரவே தெரிவதில்லை.

காரணங்களில் முதலிடம் வயதோடு வரும் கொழுப்புப் படிவுக்கு. புகை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று இதய அடைப்புக்கு உள்ள அதே காரணங்கள். ஆனால் 40 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பெண்ணுக்குக் கையில் நாடி கிடைக்கவில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது டகயாசு நோயை. மிகிட்டோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1908இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் கண்ட மாற்றத்தை விவரித்ததிலிருந்து இந்தப் பெயர் வந்தது. நாடி இல்லா நோய் என்றும் சொல்வார்கள். மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்கிப்போகும். ஆசியாவில் அதிகம் காணப்படும் நோய் இது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவக் குழு இருக்கிறது. இவை தவிர, மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துப் பல வருடம் கழித்தும் வரலாம். கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருந்து தமனியை நசுக்குவதாலும் வரலாம்.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

கையை வேலை வாங்கினால் கடுப்பு, ஓய்ந்தால் நிம்மதி. இதுதான் முக்கியமான அடையாளம். தோள்பட்டை இறுக்கத்தில் கையை ஒரு கோணத்துக்கு மேல் தூக்கவே வராது. இங்கே கை நன்றாகத் தூக்கும். தூக்கி வேலை செய்யத்தான் முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை அன்று நாங்கள் சொல்லியிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். உள்ளங்கை சில்லிட்டிருப்பது, விரல் வெளுப்பது, விரல் நுனியில் ஆறாத புண் ஆகியவை நோய் முற்றியதன் அடையாளங்கள்.

இன்னொன்று விநோதமாகத் தோன்றும்: கையால் வேலை செய்தால் தலை சுற்றும். தெருக்குழாயில் தண்ணீர் குறைவாக வரும் நாளில் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குழாயில் இருக்கும் தண்ணீரும் அங்கே இழுபடுமே, அதேதான் இங்கும். சப்கிளேவியனிலிருந்து ஒரு கிளை கழுத்து முள்ளெலும்புகள் வழியாக மூளையின் பின்பகுதிக்குப் போகிறது. அதன் பெயர் வெர்ட்டிப்ரல் தமனி. அடைப்பு இந்தக் கிளைக்கு முன்னால் இருந்தால், கைக்கு ரத்தம் போதாதபோது மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் அந்தக் கிளை வழியே தலைகீழாக இறங்கிக் கைக்கு வந்துவிடும். 1961இலிருந்து மருத்துவ உலகம் இதை 'சப்கிளேவியன் ஸ்டீல்', அதாவது சப்கிளேவியன் திருட்டு என்றே அழைக்கிறது.

பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இதய பைபாஸுக்கு எடுக்கும் மார்புத் தமனி பெரும்பாலும் இடது சப்கிளேவியனிலிருந்து கிளம்புவது. அந்த சப்கிளேவியன் அடைத்தால், இடது கையால் வேலை செய்யும்போது இதயத்துக்கான ரத்தமும் திருடு போகும், நெஞ்சு வலிக்கும்.

கை திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, வலித்து, விரல் அசையவில்லை என்றால் அது வேறு கதை. ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் கையே போய்விடும். எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல், ரத்தக்குழாய் அறுவை வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே ஓடுங்கள்.

முதல் படி: வீட்டிலேயே பார்ப்பது

பிரஷர் மெஷின் ஒன்று போதும். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, புகை வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கையை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஒரு கையில் பார்த்த கையோடு மறு கையில் பாருங்கள். அதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். ஒரே ஒரு அளவை நம்ப வேண்டாம். மேல் எண்ணில் ஐந்து, பத்து வித்தியாசம் சாதாரணம். திரும்பத் திரும்ப 15 அல்லது அதற்கு மேல் வந்தால் தேதியோடு எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி பிடித்துப் பாருங்கள். அம்மாவின் வலது நாடி விரலில் துள்ளியது. இடது நாடி ஒரு நூல் அளவுக்கு, கொஞ்சம் பின்தங்கி வந்தது. ஒருமுறை தொட்டு உணர்ந்துவிட்டால் அந்த வித்தியாசம் மறக்காது.

இரண்டாம் படி: பரிசோதனைகள்

ரத்தக்குழாய் அறுவை நிபுணர், இதய நிபுணர், படம் பார்த்தபடி குழாய் வழியே சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் மூவருமே இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள். சப்கிளேவியன் ஸ்டென்ட் அடிக்கடி வைப்பவரா என்று கேட்டுப் போங்கள்.

முதலில், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. வெர்ட்டிப்ரல் தமனியில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை இதிலேயே பார்த்துவிடலாம். தமனியின் ஆரம்ப வாய் நெஞ்சுக்குள் எலும்புக்குப் பின்னால் இருப்பதால் டாப்ளருக்குச் சரியாகத் தெரியாது. அதற்குத்தான் சி.டி. ஆஞ்சியோ: அடைப்பின் நீளம், அதில் படிந்த சுண்ணாம்பு, வெர்ட்டிப்ரல் கிளைக்கும் அடைப்புக்கும் உள்ள இடைவெளி எல்லாம் படமாக வரும். சி.டி.க்குச் சாயம் ஏற்றுவதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை முன்கூட்டியே பார்ப்பார்கள். இளம்வயதினருக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனைகளும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: சிகிச்சை வேண்டுமா என்ற முடிவு

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். படத்தில் அடைப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் ஸ்டென்ட் வைப்பதில்லை. தொந்தரவு இல்லாதவருக்கு ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், சர்க்கரை பிரஷர் கட்டுப்பாடு, புகையை அடியோடு விடுவது ஆகியவையே சிகிச்சை. பிரஷரை எப்போதும் அதிகம் காட்டும் கையில் பார்க்க வேண்டும். கை அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் கழுத்திலும் காலிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அங்கெல்லாமும் பார்த்துவிடுவது நல்லது.

அன்றாட வேலையைக் கெடுக்கும் கைக் கடுப்பு, கை வேலையோடு வரும் தலைச்சுற்றல், விரல் புண், பைபாஸ் ஆனவருக்கு நெஞ்சுவலி, இடது மார்புத் தமனியை வைத்து பைபாஸ் செய்யப் போகிறவர் என்றால் பலூன், ஸ்டென்ட் பற்றிப் பேச வேண்டும். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா இருப்பவருக்கும் அதற்கு ரத்தம் தரும் தமனி சுருங்கினால் இதே சிகிச்சைதான். ஃபிஸ்டுலாவில் அதிகம் வரும் சுருக்கம் சிரைப் பக்கம். அதையும் பலூனால்தான் விரிக்கிறார்கள். கைவைத்தால் தெரியும் அந்த அதிர்வு குறைந்தால் அன்றே டயாலிசிஸ் பிரிவில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு நேரங்களில் பலூனுக்கு அவசரப்படக் கூடாது. ஒன்று, டகயாசு அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும் நேரம். அப்போது விரித்தால் சீக்கிரமே மறுபடி சுருங்கும். முதலில் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் அழற்சியை அடக்க வேண்டும். இன்னொன்று, எலும்பு நசுக்குவதால் வந்த சுருக்கம். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் ஸ்டென்ட் வைத்தால் கையை அசைக்க அசைக்க நசுங்கி உடைந்துபோகும். அங்கே எலும்பை அறுத்து இடம் உண்டாக்குவதுதான் வழி.

கழுத்துத் தமனியிலிருந்து கைத் தமனிக்கு இணைப்புப் போடும் திறந்த அறுவையும் உண்டு. நீண்ட காலம் நிற்பதில் அது மிக நல்லது. நீளமான முழு அடைப்பு, அடைப்பு வெர்ட்டிப்ரல் வாயை மூடியிருப்பது போன்ற நிலைகளில் அதையே சொல்வார்கள். "எங்களுக்கு எது பொருந்தும், ஏன்?" என்று கேளுங்கள்.

நான்காம் படி: தயாராவது

ஆஸ்பிரினும், அதைப் போலவே ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோப்பிடோகிரலும் சில நாள் முன்பே தொடங்கும். வேறு ரத்தம் உறையா மருந்து எடுப்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவைத்து, முந்திய நாளே சலைன் ஏற்றுவார்கள். சாயம், மீன், மருந்து என எதற்கு ஒவ்வாமை வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நாலைந்து மணி நேரம் பட்டினி. காலை பிரஷர் மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் போடச் சொல்வார்கள். பட்டினி நேரத்தில் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எப்படி என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: கேத் லேபுக்குள்

ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறைதான் கேத் லேப். அம்மாவை மயக்கவில்லை. துளை போடும் இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி. நடப்பதெல்லாம் தெரியும், பேசவும் முடியும். அதற்குக் காரணம் உண்டு: நடுவில் பேச்சு குழறினாலோ கை கால் அசையாவிட்டாலோ அந்த நொடியே தெரிந்துவிடும்.

துளை பெரும்பாலும் தொடை இடுக்கில். மணிக்கட்டு அல்லது முழங்கை மடிப்பு வழியாகவும் போகலாம். முழு அடைப்பாக இருந்தால் மேலிருந்தும் கீழிருந்துமாக இரண்டு பக்கமும் கம்பி விடுவார்கள். ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின்மேல் குழாய் என்ற இந்த முறையை 1953இல் சொன்னவர் ஸ்வீடனின் செல்டிங்கர். இன்றும் அதே அடிப்படைதான். தொடையில் வைக்கும் உறைக்குழாய் 6 முதல் 8 பிரெஞ்சு அளவு. ஒரு பிரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். உறையின் தடிப்பையும் சேர்த்தால், சுமார் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துளைதான் மொத்த ஆபரேஷனுக்கும் வாசல். குழாய் நுழைந்ததும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுவார்கள்.

அடுத்தது சாயம் விட்டுப் படம். உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். "நனைஞ்சிட்டேன்னு நினைச்சு வெக்கமாப் போச்சுடி" என்றார் அம்மா. எல்லோருக்கும் தோன்றும் உணர்வுதான் அது. முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

பிறகு கம்பி அடைப்பைத் தாண்ட வேண்டும். மருத்துவர் அதிகப் பொறுமையோடு செய்யும் கட்டம் இதுதான். சுருக்கத்தில் கம்பி நழுவிப் போய்விடும். முழுதாக மூடிப்போன குழாயில் வழி தேடியே நேரம் போகும். சில சமயம் தாண்ட முடியாமலே நிறுத்தவும் நேரும். சுருக்கத்தை விரிப்பது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெற்றி. முழு அடைப்பில் அது குறைவு. கம்பி தாண்டியதும் அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்ப்பார்கள். அந்த இரண்டு எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலூனை ஊதும்போது தோளிலோ நெஞ்சின் மேலோ ஓர் அழுத்தம் தெரியும்; பலூனைச் சுருக்கியதும் போய்விடும். போகாமல் வலித்தால் உடனே சொல்ல வேண்டும், குழாய்ச் சுவர் கிழிகிறதா என்று பார்ப்பார்கள். தமனியின் வாயில் உள்ள அடைப்புக்குப் பலூன்மேல் ஏற்றிய ஸ்டென்ட் வைப்பது வழக்கம், ஏனென்றால் அதை மில்லிமீட்டர் கணக்கில் நிறுத்தலாம். மகாதமனிக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டும், மறுமுனை வெர்ட்டிப்ரல் வாயை மூடாமலும் உட்கார வேண்டும். தமனி வளைந்து அசையும் இடத்தில் தானாக விரியும் ஸ்டென்ட் பொருந்தும். சப்கிளேவியனுக்கான ஸ்டென்ட் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலம்.

மூளைக்கு ஏதும் துகள் போய்விடாதா? எங்களை ராத்திரியெல்லாம் தூங்கவிடாத கேள்வி இது. ஆபத்து உண்டு, நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான். 'திருட்டு' நடக்கும் நோயாளிக்கு உடம்பே ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. அடைப்பைத் திறந்த உடனே வெர்ட்டிப்ரலில் ரத்தம் திசை மாறி மேலே ஏறிவிடுவதில்லை. சில நொடிகளிலிருந்து சில நிமிடம் வரை கீழ்நோக்கியே ஓடுகிறது. பெயர்ந்த துகள் இருந்தாலும் அது கைப் பக்கம் போய்விடும். 1984இல் ஜெர்மனியில் டாப்ளர் வைத்து இதைக் கவனித்துச் சொன்னார்கள். இதை எங்களுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டிய மருத்துவரை நான் மறக்க மாட்டேன். வலது பக்கப் பொதுக் குழாயில் வேலை என்றால் கழுத்துத் தமனி பக்கத்திலேயே இருப்பதால் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்தார்கள். நான் தொடுமுன் அம்மாவே இடது கையை நீட்டி, "தொட்டுப் பாருடி, சூடா இருக்கு" என்றார். உள்ளங்கை வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தேன். நாடி துள்ளியது.

ஆறாம் படி: முதல் இரண்டு நாள்

தொடையில் துளை என்றால் குழாயை எடுத்து 15, 20 நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். அல்லது தைக்கும் கருவியால் மூடுவார்கள். அதன்பின் நாலைந்து மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இருமும்போது துளைமேல் கைவைத்து அழுத்திக்கொள்ளலாம். முழங்கையில் துளை போட்டவருக்கு விரல் மரத்தாலோ, அங்கே வீங்கி இறுகினாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது. ரத்தம் கசிந்து அதை நசுக்கினால் நிரந்தரப் பாதிப்பு ஆகலாம்.

பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, விரல் நீலம் பாய்வது, துளை போட்ட இடத்தில் துடிக்கும் கட்டி, முதுகில் கடும் வலி என எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் என்றால் அவசரப் பிரிவுதான். சாயம் வெளியேற, நீர்க் கட்டுப்பாடு இல்லாதவர் தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம். பெரும்பாலோர் ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்புகிறார்கள். கனமான குடம், சிலிண்டர் தூக்குவதை ஒரு வாரமாவது தள்ளிவையுங்கள்.

ஏழாம் படி: வீட்டில், வருடக்கணக்கில்

குளோப்பிடோகிரல் எத்தனை மாதம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம், சிலருக்குக் கூடுதல். ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் பொதுவாக ஆயுளுக்கும். பல் பிடுங்க வேண்டும் என்றாலும் ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஸ்டென்ட் வைத்த பிறகுதான் அம்மாவின் உண்மையான பிரஷர் இரண்டு கையிலும் தெரிந்தது. குறைத்த மாத்திரை மறுபடி கூடியது, இன்னொன்றும் சேர்ந்தது. 'ஸ்டென்ட் வைத்ததால் பிரஷர் ஏறிவிட்டது' என்று உறவினர் சொன்னால் நம்ப வேண்டாம். முன்பே ஏறித்தான் இருந்தது.

ஸ்டென்டுக்குள் திசு வளர்ந்து மறுபடி சுருங்கலாம். புகை தொடர்பவருக்கும் டகயாசு உள்ளவருக்கும் இது அதிகம். நேர்ந்தால் மறுபடி பலூனால் விரிக்கலாம். ஒரு மாதம், ஆறு மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்று டாப்ளர் பார்ப்பார்கள். அதற்கு நடுவில் காவல் நாம்தான். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இரண்டு கையிலும் பார்த்து நாட்காட்டியில் குறிக்கிறோம். போன வாரம் வலது 134, இடது 130. இடைவெளி மறுபடி 15ஐத் தாண்டி அப்படியே நின்றால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க மாட்டோம்.

டிஸ்சார்ஜ் அன்று கொடுக்கும் ஸ்டென்ட் அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைத்தான் கேட்பார்கள். அம்மாவின் அட்டைக்குப் பின்புறம் நான் பேனாவால் எழுதியிருக்கிறேன்: "இடது கைத் தமனியில் ஸ்டென்ட். பிரஷர் இரண்டு கையிலும் பார்க்கவும்."